சின்ன லேத்தில் பார்ட்டிங்: பிளேடு கடிக்குது, மோட்டார் நிக்குது

கேள்வி: 4 ஜூன் 2023, மாலை 6.10

திருப்பூர் பக்கத்துல இருந்து எழுதறேன் அண்ணா. வீட்டுக்கு 7 இன்ச் மினி லேத் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. டர்னிங் (விட்டத்தைக் குறைக்கிறது), ஃபேசிங் (முகத்தை மட்டம் பண்றது), டிரில்லிங் எல்லாம் பழகிட்டேன். பார்ட்டிங் மட்டும், அதாவது சுத்தற ராடை பிளேடால ரெண்டா அறுக்கிறது மட்டும், வர மாட்டேங்குது. 20 மி.மீ. எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ராடு. மூணு மி.மீ. ஆழம் வரைக்கும் போகும். அப்புறம் கீச்சுன்னு கத்தி, டக்குன்னு கடிச்சு மோட்டார் நின்னுரும். பிளேடோட ரெண்டு பக்கமும் உரசிக் கறுத்துப் போகுது. வேகத்தை மாத்திப் பாத்தாச்சு, ஆயில் ஊத்திப் பாத்தாச்சு. இந்த சைஸ் மெஷின்ல பார்ட்டிங் நடக்காது, இரும்பு அறுக்கிற கைரம்பம், ஹேக்சாதான் கதின்னு முடிவுக்கு வந்துட்டேன். யாராவது மறுத்தா சந்தோஷம்.

4 ஜூன், இரவு 9.45

மறுக்கிறேன். நடக்கும். ஆனா நீங்க சொன்ன அத்தனையும் எனக்கும் நடந்திருக்கு.

1991ல இருந்து ரெண்டு வருஷம் கோயம்புத்தூர் கணபதியில ஒரு லேத் பட்டறையில் ஹெல்பரா இருந்தேன். ஆறடி லேத், ஒரு டன்னுக்கு மேல கனம். அதுல பார்ட்டிங்னு தனியா ஒரு கஷ்டம் இருக்கிறதே தெரியாது. டூலைக் கட்டி ஹேண்டிலைத் திருப்பினா ஜாப் டிரேயில விழும், அவ்வளவுதான். அப்புறம் பிழைப்பு வேற பக்கம் போச்சு. 2019ல வடவள்ளி வீட்டு கார் ஷெட்டுக்கு நானும் ஒரு மினி லேத் வாங்கினேன். மொத்தமே 40 கிலோ. பழைய நெனப்புல முதல் வாரமே 25 மி.மீ. ராடைப் பிடிச்சு பார்ட்டிங் போட்டேன். பிளேடு முறிஞ்சுது. ஹெட்ஸ்டாக்குக்குள்ள (ராடைச் சுத்த வைக்கிற தலைப்பெட்டி) இருந்த பிளாஸ்டிக் கியர்ல மூணு பல் போச்சு. என் மானமும் கொஞ்சம் போச்சு, பக்கத்து வீட்டுக்காரர் வேற பாத்துட்டு இருந்தார்.

சரி, விஷயம். ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு எம்எஸ் டர்னிங்ல வெட்டற வேகம் நிமிஷத்துக்கு 25லிருந்து 30 மீட்டர்னு வைப்போம். பார்ட்டிங்குக்கு அதுல பாதி போதும், 15 மீட்டர். 15-ஐ ஆயிரத்தால பெருக்கி, 3.14-ஆலயும் விட்டத்தாலயும் வகுங்க. 20 மி.மீ. ராடுக்கு 240 ஆர்பிஎம் பக்கம் வரும். இதை லோ கியர்ல கொண்டு வாங்க. ஹை கியர்ல போட்டுட்டு வேகத்தை மாத்தற நாப்பைக் குறைச்சு 240க்கு இறக்கினா, அந்த டிசி மோட்டாருக்குத் தெம்பே இருக்காது. லேசா கடிச்சாலும் நின்னுரும்.

பிளேடை ஹோல்டருக்கு வெளியே எவ்வளவு நீட்டி வெச்சிருக்கீங்க? 20 மி.மீ. ராடுக்கு 12 போதும், 13 தாராளம். நிறைய பேர் வாங்கி வந்தபடியே 30 மி.மீ. நீட்டி வெச்சிருப்பாங்க. ராடைப் பிடிக்கிற சக்கு வாயிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்டறீங்க? எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. சேடிலை (லேத்தோட அடித்தளமான பெட்டு மேல நீளவாக்குல ஓடற பாகம்) லாக் பண்ணுங்க. காம்பவுண்ட் ஸ்லைடு (டூல் போஸ்டுக்கு அடியில, கோணத்துக்குத் திருப்ப முடியற சின்ன ஸ்லைடு) அசையாதபடி அதோட கிப் (ஸ்லைடோட தளர்ச்சியை எடுக்கிற பட்டை) ஸ்க்ரூவை நல்லா இறுக்குங்க.

அப்புறம் கை. பயந்து பயந்து தொடாதீங்க. தொட்டா டூல் வெட்டணும், உரசக் கூடாது. வெட்டுப்பட்ட உலோகச் சுருள் நிக்காம வந்துட்டே இருக்கணும். பாதி பேரோட பிரச்சினை இந்தப் பயம்தான்.

5 ஜூன், காலை 7.20

நேத்து சொன்ன 240 ஆரம்பத்துக்கு மட்டும். டூல் உள்ளே போகப் போக விட்டம் குறையுது, அதோட வெட்டற வேகமும் குறையுது. 6 மி.மீ. மிச்சம் இருக்கும்போது அதே 240ல நிமிஷத்துக்கு நாலரை மீட்டர்தான். நடுவுல சுழியம். அதனாலதான் கடைசியில வெட்டாம நசுக்கி ஒரு காம்பு விட்டுட்டு விழுது. பாதி வழியில நாப்பை ஏத்தலாம்னு சிலர் சொல்றாங்க. ஒரு கை ஃபீடு (டூலை உள்ளே தள்றது), ஒரு கை ஆயில் பிரஷ். நாப்புக்கு மூணாவது கை எனக்கு இல்லை.

5 ஜூன், மதியம் 1.05

சென்டர் ஹைட்டை விட்டுட்டேன். டூல் முனை ராடோட சரி நடுவுல இருக்கணும். ரொம்ப எளிசான சோதனை: ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவுல ஆறு இன்ச் ஸ்கேலை லேசா பிடிக்க வையுங்க. ஸ்கேல் நேரா நின்னா சரி. ஸ்கேலோட மேல்நுனி உங்க பக்கம் சாஞ்சா டூல் கீழே இருக்கு, அந்தப் பக்கம் சாஞ்சா மேலே. டூல் மேலே இருந்தா வெட்டாது, முனைக்குக் கீழ இருக்கிற பாகம் போய் ராடுல முட்டிட்டு நிக்கும். கார்பைடு டிப்னா ஸ்கேலை வெச்சு நசுக்காதீங்க, நொறுங்கும். மெல்லிசான பித்தளைத் தகடு வையுங்க.

டூலை உயர்த்த அடியில வைக்கிற பேக்கிங்குக்கு என்ன வைக்கிறதுன்னு கேட்பீங்க. பழைய ஹேக்சா பிளேடை பல்லைத் தேச்சுட்டு ஒடிச்சு வையுங்க. அப்படியாவது ஹேக்சா உதவட்டும்.

8 ஜூன், இரவு 10.30

"ஏன் கடிக்குது, மெதுவா ஃபீடு குடுத்தாலும் ஏன் தானா உள்ளே இழுத்துட்டுப் போகுது?" மேலே ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி. எனக்குப் புரியறதுக்கே மூணு வருஷம் ஆச்சு.

ராடு முன்பக்கம் கீழ்நோக்கி சுத்துது. அதனால டூல் முனையைக் கீழே அழுத்துது. டூலைப் பிடிக்கிற டூல் போஸ்ட், காம்பவுண்ட், குறுக்கா ஓடற கிராஸ் ஸ்லைடுன்னு அடுக்கு அடுக்கா இருக்கிற அந்தக் கோபுரம் மொத்தமும் கொஞ்சம் தலை குனியும். எங்கே குனியும்? முனைக்குக் கீழே, உங்க பக்கமா இருக்கிற ஏதோ ஒரு இடத்துல, டவ்டெயில் (ஸ்லைடு ஓடற சரிவான பள்ளம்) வாயில. நின்னுட்டு இருக்கிற ஆளை முன்னாடி தள்ளினா தலை கீழே மட்டும் போறதில்லை, முன்னாடியும் போகுது இல்லையா? அதே மாதிரி டூல் முனை கீழே போறதோட ராடுக்குள்ளயும் போகுது. ஆழம் கூடுது. ஆழம் கூடினா அழுத்தம் கூடுது. அழுத்தம் கூடினா இன்னும் குனியுது. இதெல்லாம் கண் இமைக்கிறதுக்குள்ள. நீங்க ஹேண்டிலை அசைக்கவே இல்லை, ஆனா கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூவுல பேக்லாஷ் (மரைத் தளர்ச்சி) இருந்தா அந்த இடைவெளி அளவுக்கும் சேத்து ஸ்லைடே உள்ளே தாவும்.

ஆறடி லேத்துலயும் இதே விசைதான். அங்கே கோபுரம் கனமா, குட்டையா இருக்கு, குனிய மாட்டேங்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

8 ஜூன், இரவு 10.50

மேலே "கோபுரம்"னு எழுதினதைப் படிச்சுட்டு மகள் கேக்கறா, கோபுரத்துக்கு நாலு நட்டைப் போட்டுப் பிடிச்சா குனியாதான்னு. இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸ் கட்டறது நான்.

17 ஜூன், மாலை 5.15

தீர்வு கெடைச்சாச்சு. பின்பக்க டூல் போஸ்ட்.

கிராஸ் ஸ்லைடோட அந்தப் பக்கம், ராடுக்குப் பின்னால, ஒரு கனமான கட்டை. அதுல பிளேடைத் தலைகீழா மாட்டணும். லேத் எப்பவும் போல முன்னோக்கித்தான் ஓடும். ராடோட பின்பக்கம் மேல்நோக்கி வருது, அதனால டூலை மேலே தள்ளும். இப்ப கோபுரம் குனியறதுக்குப் பதிலா நிமிருது. நிமிர்ந்தா முனை ராடை விட்டு விலகும். கடிக்கிறதுக்குப் பதிலா தானே விட்டுக் குடுத்துரும். சுருளும் பள்ளத்துக்குள்ள மாட்டாம கீழே கொட்டிரும்.

இது என் மூளை இல்லை. இங்கிலாந்துல மைஃபோர்டு லேத் வெச்சு மாடல் எஞ்சின் செய்யறவங்க காலங்காலமா இப்படித்தான் பண்றாங்க. ஜார்ஜ் எச். தாமஸ்னு ஒருத்தர் மைஃபோர்டுக்காக வடிவமைச்ச பின்பக்க டூல் போஸ்ட் அந்த வட்டத்துல ரொம்பப் பேர் போனது.

எனக்கு உக்கடம் பழைய இரும்புக் கடையில 60 மி.மீ. சதுர எம்எஸ் கட்டை கெடைச்சுது, எடை போட்டுத்தான் குடுத்தாங்க. ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை. கிராஸ் ஸ்லைடுல ரெண்டு ஓட்டை போட்டு மரை அடிச்சேன். (ஓட்டை போடும்போது அடியில ஸ்க்ரூ ஓடுதான்னு பாத்துட்டுப் போடுங்க.) நேத்து 25 மி.மீ. ராடு, ஒரே மூச்சுல வெண்ணெய்ல கத்தி எறங்கின மாதிரி போச்சு. சூடான தோசைக்கல்லுல தண்ணி தெளிச்சா வருமே, அந்த சத்தம் கடைசி வரைக்கும். 2019ல முறிஞ்ச பிளேடை எடுத்து வெச்சிருந்தேன், அதைத் தூக்கிப் போட்டேன்.

முன்னாடி 4ஆம் தேதி எழுதினதெல்லாம் சுத்து வழி. நேரா இதைப் பண்ணுங்க.

18 ஜூன், காலை 6.40

"கட்டை எல்லாம் எதுக்கு, முன்பக்கமே பிளேடைத் தலைகீழா மாட்டி மெஷினை ரிவர்ஸ்ல ஓட்டினா போதாதா?" போதும், கணக்கு அதேதான். ஆனா உங்க சக்கு ஸ்பிண்டில்ல (சுத்தற தண்டு) எப்படி மாட்டியிருக்குன்னு முதல்ல பாருங்க. மினி லேத்துல பெரும்பாலும் ஃபிளாஞ்சுல மூணு ஸ்டட், நட்டு. அதுக்கு பயம் இல்லை. மைஃபோர்டு மாதிரி மரை போட்ட மூக்கு (அதுல 1 இன்ச் 1 நூல், அதாவது 1⅛ இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 12 மரை) இருந்தா ரிவர்ஸ்ல வெட்டும்போது சக்கு கழண்டு உருளும். சக்கு கழண்டு ஓடினதை நான் ஒரு தடவை பட்டறையில பாத்திருக்கேன். எல்லாரும் மேஜை மேல ஏறி நின்னோம்.

2 ஜூலை, இரவு 11.10

தூக்கம் வரலை. 17ஆம் தேதி எழுதினதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு. வேணும்னு பண்ணலை, ஆனா இருக்கு.

பின்பக்கக் கட்டை போட்ட அதே ரெண்டு ஞாயித்துக்கிழமையில நான் வேற என்னென்ன பண்ணினேன்? கிராஸ் ஸ்லைடைக் கழட்டினேன், ஓட்டை போடறதுக்காக. திரும்ப மாட்டும்போது கிப்பைத் தேச்சு, ஸ்க்ரூ எல்லாம் புதுசா செட் பண்ணினேன். புது பிளேடு போட்டேன். அந்தப் பிளேடோட மேல்முகத்துல, வெட்டற முனையை ஒட்டி, கிரைண்டிங் வீலோட ஓரத்துல வெச்சு சின்னதா ஒரு குழி எடுத்தேன், சுருள் சுருண்டு வரட்டும்னு. அப்போ நாலு விஷயம் மாறியிருக்கு. பேர் மட்டும் கட்டைக்கு. வைத்தியர் நாலு மருந்து குடுத்தார், கசப்பா இருந்த மருந்துதான் வேலை செஞ்சுதுன்னு சொல்ற மாதிரி.

ஒவ்வொன்னா பின்னாடி போய்ப் பாக்கப் போறேன்.

9 ஜூலை, மாலை 7.30

பாத்தாச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நுண்ணிய அசைவைக் காட்டற டயலை பெட்டுல மேக்னட்ல நிறுத்தி, அதோட மூக்கை பிளேடு முனை மேல வெச்சேன். முனையில ஒரு கயிறு, கயித்துல 10 கிலோ எடைக்கல். பழைய அரிசிக் கடையில இருந்து வந்த கல்லு, முத்திரை எல்லாம் இருக்கு. முனை எவ்வளவு தாழுதுன்னு பாத்தேன். என் மெஷினோட கணக்கு இது, உங்களது வேற மாதிரி இருக்கும்.

வாங்கினபோது இருந்த மாதிரியே கிப் எல்லாம் தளர்வா, காம்பவுண்ட் மேல டூல் போஸ்ட்: 0.20 மி.மீ. தாழ்ந்துது. கிப்பை ஒழுங்கா செட் பண்ணினதும் 0.12. அப்புறம் காம்பவுண்டையே கழட்டிட்டேன். அந்த இடத்துல அதே உயரத்துக்கு ஒரு முழு இரும்புக் கட்டையைப் போட்டு அது மேல டூல் போஸ்டை நிறுத்தினேன். 0.05! பின்பக்கக் கட்டைக்கு விசை மேல்நோக்கி வரணும், கல்லைத் தொங்க விட முடியாது. மீன் எடை போடற கொக்கித் தராசால மேலே இழுத்துப் பாத்தேன். 0.04.

அதாவது 0.20ல இருந்து 0.05க்கு வந்தது முன்பக்கமே, கிப்பை செட் பண்ணி காம்பவுண்டைத் தூக்கினதால. பின்பக்கம் போனதால கூடுதலா கெடைச்சது ஒரு சின்ன பொட்டு. நெசமா வெட்டியும் பாத்தேன். காம்பவுண்டுக்குப் பதில் கட்டை, முன்பக்கம், பிளேடு நிமிர்ந்தபடி. 25 மி.மீ. எம்எஸ் கடிக்காம முழுசா போச்சு. வில்லன் காம்பவுண்ட் ஸ்லைடுதான். யோசிச்சா, டேப்பர் (கூம்புச் சரிவு) வெட்டற நாளைத் தவிர அது எதுக்கு அங்கே உக்காந்திருக்கு?

அப்புறம் குழியை எடுத்துட்டுப் பாத்தேன், மேல்முகம் தட்டையா தீட்டின பிளேடு. கடிக்கலை. ஆனா 8 மி.மீ. ஆழத்துல சுருள் பள்ளத்துல அடைச்சு நின்னுது. ஆக ரெண்டு நோய் இருக்கு. தளர்ச்சியால கடிக்கிறது ஒன்னு, சுருளால அடைக்கிறது இன்னொன்னு. ரெண்டுமே கடைசியில மோட்டாரை நிறுத்தும், அதனால ஒன்னு மாதிரி தெரியுது. எந்த நோய்னு தெரியாம மருந்து குடுத்துட்டு இருந்திருக்கேன்.

அடைக்கிறதுக்கு இன்னொரு பழைய வழியும் இருக்கு. ரெண்டு மி.மீ. உள்ளே போனதும் வெளியே எடுத்து, டூலை அரை மி.மீ. பக்கவாட்டுல தள்ளி பள்ளத்தை அகலமாக்கி, திரும்ப உள்ளே. சேடில் லாக்கை ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டணும், நேரம் ஆகும், ஆனா ஏமாத்தாது.

17 ஜூன்ல எழுதின "நேரா இதைப் பண்ணுங்க"வை வாபஸ் வாங்கறேன். முதல்ல காம்பவுண்டைக் கழட்டிட்டு ஒரு கட்டையைப் போடுங்க. ஒரு நாள் வேலை. பின்பக்கம் வேணும்னா அப்புறம். நான் அதை எடுக்கப் போறதில்லை. முன்பக்கம் டர்னிங் டூல், பின்பக்கம் பார்ட்டிங் டூல், மாத்தி மாத்திக் கட்ட வேண்டியதில்லை. அந்த சௌகரியத்துக்காக இருக்கட்டும்.

9 ஜூலை, இரவு 8.00

எடைக்கல் கால் விரல்ல விழுந்துது. அதையும் கணக்குல சேத்துக்கங்க.

20 ஜூலை, காலை 11.00

எந்த உலோகம் எப்படின்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தாங்க.

அலுமினியம் மெத்துனு இருக்கும், ஏமாத்தும். பிளேடு முனையில ஒட்டிக்கும், ஒட்டினது பள்ளத்துல வெல்டு ஆன மாதிரி பிடிச்சுக்கும். மண்ணெண்ணெய் இருந்தா பிரஷ்ல தொட்டுத் தொட்டு விடுங்க. ரேஷன்ல முன்ன மாதிரி கெடைக்கறதில்லை, நான் டபிள்யூடி-40 அடிக்கறேன், வேலை நடக்குது.

வார்ப்பிரும்புக்கு எண்ணெயே வேண்டாம். தூள் தூளா கொட்டும், சேறாக்கிக்காதீங்க.

எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்): பாதியில நிறுத்தாதீங்க. ஃபீடு நின்னு டூல் உரசிட்டே இருந்தா அந்த இடம் இறுகிப் போயிடும். அப்புறம் எதை வெச்சாலும் வழுக்கும். வேகம் பாதி, ஃபீடு தைரியமா. இதுல பயந்த கைக்கு வேலை இல்லை.

கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்), பித்தளை ரெண்டும் சுகம். கோயம்புத்தூர்க்காரனுக்கு பம்ப் புஷ் வெட்டி வெட்டிப் பழகின உலோகம். அதே குழி எடுத்த பிளேடு இதுக்கும் நல்லாவே ஓடுது, தனியா எதுவும் வேண்டாம். புஷ் மாதிரி ஓட்டை உள்ள ஜாப்னா டெயில்ஸ்டாக் (எதிர்முனையில இருக்கிற பாகம்) சக்குல ஒரு மெல்லிசான ராடைப் பிடிச்சு ஓட்டைக்குள்ள விட்டு வையுங்க. அறுந்ததும் வளையல் மாதிரி அதுல போய் மாட்டிக்கும். இல்லாட்டி சுருள் குவியலுக்குள்ள தேடணும்.

ஆனா டெயில்ஸ்டாக் சென்டரால ஜாப்பை முட்டுக் குடுத்துட்டு முழுசா அறுத்துராதீங்க. கடைசி ரெண்டு மி.மீ.ல பள்ளம் மூடிக்கிட்டு பிளேடைக் கவ்வும். நீளமான ஜாப்னா சென்டர் முட்டோட முக்கால்வாசி வெட்டுங்க, மெஷினை நிறுத்துங்க, மிச்சத்தை ஹேக்சாவால.

21 ஜூலை, இரவு 8.15

கரண்ட் போச்சு, நடு வெட்டுல. டூல் பள்ளத்துக்குள்ளயே இருக்கு. இருட்டுல உக்காந்து போன்ல எழுதறேன். கரண்ட் வந்ததும் மெஷின் தானா கிளம்பற மாதிரி சுவிட்ச் வெச்சிருக்கிறவங்க உடனே ஆஃப் பண்ணுங்க. சக்கைக் கையால பின்னாடி கொஞ்சம் திருப்பி, டூலை வெளியே எடுத்துட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட்.

5 ஆகஸ்ட், மதியம் 3.40

கணபதி பட்டறை பத்தி ஒருத்தர் கேட்டார். பெருசா ஒன்னும் இல்லை. எங்க டர்னர் அண்ணன் பார்ட்டிங்குக்கு ரெண்டு கையையும் ஹேண்டில்ல வைக்கச் சொல்வார். ஒரு கையை விட்டதும் இன்னொரு கை, நடுவுல ஃபீடு நிக்கவே கூடாது. "தயங்குனீன்னா அது முந்திக்கும்டா"ன்னு ஒரே வார்த்தை. சென்டர் ஹைட்டுன்னு எல்லாம் சொல்லிக் குடுத்ததே இல்லை. டூலைக் கட்டுவார், டெயில்ஸ்டாக் சென்டர் முனைக்கு நேரா கொண்டு போய் ஒத்தைக் கண்ணை மூடிப் பாப்பார், பிளேடு அடியில ஒரு தகடைத் தட்டி உள்ளே விடுவார், சரியா இருக்கும். பிளேடு ஆக்சிஸுக்கு நேர் குறுக்கா இருக்கான்னு பாக்க சக்கு முகத்துல ஒட்டி வெச்சுப் பாப்பார். இதை நான் மேலே எழுதவே இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. எழுதிட்டேன்னு வெச்சுக்கங்க: பிளேடு கோணலா இருந்தா பக்கம் உரசும்.

அவர்கிட்ட காம்பவுண்ட் கதையைச் சொல்லணும்னு தோணுச்சு. அவர் போய்ச் சேந்து பத்து வருஷம் ஆச்சு.

13 ஆகஸ்ட், காலை 9.00

ஹேக்சா கட்சிக்காரங்களுக்கு.

மெஷினை நிறுத்திட்டு ஹேக்சா போடறதுல எந்த அவமானமும் இல்லை. 40 மி.மீ.க்கு மேல நானும் அதான் பண்றேன். பெட்டு மேல ஒரு மரப்பலகையை வெச்சுக்கங்க, கடைசி இழுப்புல பிளேடு பெட்டுல விழுந்தா வடு ஆயிடும். அப்புறம் ஃபேசிங் போட்டு அளவுக்குக் கொண்டு வந்தா ஆச்சு. ஓடற ராடு மேல ஹேக்சாவை வெச்சு அறுக்கிறது மட்டும் வேண்டாம். பாத்திருக்கேன், பண்ணியும் இருக்கேன். பிளேடு ஒடிஞ்சா கை நேரா சக்கு வாய்க்குப் போகும்.

அதே மூச்சுல: வேட்டி, லுங்கி, தோள்ல துண்டு, கையுறை எதுவும் லேத் பக்கம் வேண்டாம். கையுறை பாதுகாப்புன்னு நெனைக்காதீங்க, சுத்தற மெஷின்ல அது கையைச் சேத்து இழுக்கும். நீள ராடை ஸ்பிண்டில் வழியா விட்டு வெட்டறவங்க பின்னாடி எவ்வளவு நீட்டிட்டு இருக்குன்னு பாருங்க. மெல்லிசான ராடு ஒரு முழம் நீட்டி இருந்து வேகம் கூடினா வளைஞ்சு சாட்டை மாதிரி சுத்தும். பின்னாடி பையன் நிக்கறான்னா யோசிச்சுப் பாருங்க.

27 ஆகஸ்ட், மாலை 6.00

காம்பு பிரச்சினை. அறுந்து விழற ஜாப்புல நடுவுல காம்பு நிக்குது, அதுக்காகவே திரும்பப் பிடிச்சு ஃபேசிங் போட வேண்டி வருதுன்னு ஒருத்தர்.

பிளேடோட முன்முனையை நேரா தீட்டாம லேசா சாய்வா தீட்டினா, ஜாப் பக்கம் முந்திக்கிட்டு வெட்டும், காம்பு சக்குல இருக்கிற ராடோட போயிடும். ரொம்ப அழகா வரும். ஆனா சாய்வு கூடினா பிளேடு பக்கவாட்டுல ஒதுங்கும். வெட்டின முகம் ஒரு பக்கம் கிண்ணம், ஒரு பக்கம் குமிழ். 20 மி.மீ. ஜாப்புல கிண்ணம் 0.3 மி.மீ. வந்துது எனக்கு. சாய்வை ரெண்டு மூணு டிகிரிக்குக் கொறைச்சேன், சரியாச்சு. வாஷர் மாதிரி ஓட்டை உள்ள ஜாப்புக்கு இந்தக் கவலையே இல்லை, ஓட்டையை முதல்ல போட்டுட்டு வெட்டுங்க. காம்புக்கு இடமே கெடையாது.

எம்ஜிஎம்என் 200 கார்பைடு இன்சர்ட் (மாட்டிக் கழட்டற வெட்டு முனை) பத்தி: 2 மி.மீ. அகலம், சுருளை அதுவே சுருட்டிக் குடுக்கும், தீட்ட வேண்டாம். நல்லதுதான். ஆனா ஒரு தடவை கடிச்சா காசு போச்சு. முதல்ல ஹெச்எஸ்எஸ்ல பத்து பிளேடைக் கெடுத்துட்டு அப்புறம் போங்க.

3 செப்டம்பர், இரவு 9.20

கேள்வி கேட்ட திருப்பூர் தம்பி இன்னைக்கு மறுபடி எழுதியிருக்கார். காம்பவுண்டைக் கழட்டிக் கட்டை போட்டாச்சாம். கிப் இறுக்கியாச்சு. சென்டர் பாத்தாச்சு. 240 ஆர்பிஎம். குழியும் எடுத்தாச்சு. இப்பவும் மூணு மி.மீ.ல நிக்குதாம். "அண்ணா சொன்ன அத்தனையும் செஞ்சுட்டேன், இனி மெஷினை வித்துரலாம்னு இருக்கேன்"னு எழுதி ஒரு போட்டோ.

போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். ரெண்டு நிமிஷம் ஒன்னும் எழுத முடியலை.

தம்பி, உங்க பிளேடு தலைகீழா இருக்கு. அந்த பிளேடு மேல அகலம், கீழே வரவரக் குறுகலா இருக்கிற வகை. பள்ளத்துல உரசாம இருக்கத்தான் அப்படி செஞ்சிருக்காங்க. நீங்க குறுகின விளிம்பை மேலே வெச்சுட்டீங்க. முன்பக்கத்தை நீங்களே தீட்டினதால முனை வெட்டுது, அதனால சந்தேகமே வரலை. முனை குறுகலா பள்ளம் போடுது, கீழே இருக்கிற அகலமான உடம்பு அந்தப் பள்ளத்துல நுழையப் பாக்குது. எத்தனை கட்டை போட்டாலும் நுழையாது.

"பிளேடோட ரெண்டு பக்கமும் உரசிக் கறுத்துப் போகுது." முதல் நாளே எழுதியிருக்கீங்க. நான் அந்த வரியைத் தாண்டிப் போய் மூணு மாசமா கோபுரம், எடைக்கல், இங்கிலாந்துன்னு எழுதிட்டு இருந்திருக்கேன். ஒரு போட்டோ கேட்டிருந்தா 4 ஜூன் ராத்திரியே முடிஞ்சிருக்கும். மன்னிச்சுக்கங்க.

திருப்பி மாட்டி, அகலமான பக்கத்துல முன்சாய்வைப் புதுசா தீட்டி, சென்டர் ஹைட்டைத் திரும்பப் பாத்துட்டு வெட்டிப் பாருங்க. மெஷினை விக்காதீங்க.

4 செப்டம்பர், காலை 6.15

வீடியோ பாத்தேன். அந்த தோசைக்கல் சத்தம்தான். விழுந்த ஜாப்பை உடனே கையில எடுத்திருக்கீங்க, சூடு தெரியலையா?

கட்டையைக் கழட்டிட்டு பழையபடி காம்பவுண்டைப் போட்டு ஒரு தடவை வெட்டிப் பாத்து சொல்லுங்க. உங்க மெஷின்ல அது தேவையே இல்லையோன்னு எனக்கு இப்ப அரிப்பா இருக்கு.

4 செப்டம்பர், இரவு 10.05

காம்பவுண்டோட 20 மி.மீ. போகுது, ஆனா லேசா அதிருதுன்னு எழுதியிருக்கார். கட்டையோட அதிரலை. சரி, மூணு மாசம் முழுசா வீண் இல்லை.

அடுத்து பித்தளை புஷ் பண்ணப் போறேன், எந்த பிளேடுன்னு கேட்டிருக்கார். 20 ஜூலையில நான் எழுதினதைப் பாத்துட்டுப் பண்ணிராதீங்க. குழி எடுத்த பிளேடே ஓடும்னு அதுல இருக்கு. சின்ன விட்டத்துல ஓடுச்சு, எழுதிட்டேன். போன வாரம் 30 மி.மீ. பித்தளையில அந்தக் குழி டூலை உள்ளே இழுத்து பிளேடு முறிஞ்சுது. பித்தளைக்கும் கன்மெட்டலுக்கும் மேல்முகம் சுத்தமா தட்டையா தீட்டின பிளேடு தனியா ஒன்னு வையுங்க. மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வெச்சு அடையாளம் பண்ணிக்கங்க. அகலமான பக்கத்துல.